கிளினிக்குக்கு வராதவர்களும் மலையக வைத்தியசாலைகளும்

தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இலங்கை மலையகத்தின் எந்தவோர் அரச வைத்தியசாலையிலும் கிளினிக் நாளன்று விடியற்காலையிலேயே வரிசை தொடங்கிவிடும். கம்பளிச் சட்டையும் தலைத்துண்டுமாக வந்து, கிளினிக் கொப்பியைக் கொடுத்து இலக்கம் பெற்று, வாங்குகளில் நெருக்கியடித்துக் காத்திருக்கும் மக்களைப் பார்க்கும் எவருக்கும் இங்கே இலவச மருத்துவம் நன்றாகவே பயன்படுகிறது என்ற எண்ணம் வரும். அந்த எண்ணம் பொய்யன்று. ஆயினும் அன்று வந்திருக்க வேண்டிய, ஆனால் வராத ஒருவரின் கொப்பி தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசைவீடான ஏதோ ஒரு லயன் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியபடி இருக்கும். வந்தவர்களுக்கு மருந்து கொடுப்பது வைத்தியசாலையின் பொறுப்பு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கும் பொறுப்பு யாருடையது என்பதற்கு மலையகத்தில் இன்றுவரை தெளிவான விடை இல்லை. நலிந்த நிலையில் உள்ள மக்களுக்கு ஒரு வைத்தியசாலை வலையமைப்பு எவ்வாறு துணையாக முடியும் என்பதை ஆராயப் புகுந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

வராமைக்கான காரணம் பெரும்பாலும் அலட்சியம் என்றே சொல்லப்படுகிறது. ஒரு கொழுந்துத் தொழிலாளியின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு அநியாயமானது என்பது புரியும். தோட்டத்தின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நிர்ணயித்த கிலோவைப் பறித்தால்தான் முழுப்பேர் (முழு நாள் வேலைப் பதிவு), குறைந்தால் அரைப்பேர் என்ற நடைமுறையில், கிளினிக்குக்குப் போகும் நாளில் பேரே விழாது. அதற்கு மேல், மேற்பிரிவிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்க முச்சக்கரவண்டிக் கூலி, பஸ் கட்டணம், மதியச் சாப்பாட்டுச் செலவு, துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய நாட்சம்பளமும் சேர்ந்துவிடும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒருவர் மாதந்தோறும் இரண்டு வெவ்வேறு கிளினிக்குகளுக்கு இரண்டு வெவ்வேறு நாட்களில் அழைக்கப்பட்டால், இலவச மருந்துக்காக அவர் கொடுக்கும் விலை வீட்டின் அரிசிச் செலவில் கை வைக்கிறது. 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது இந்நாட்டின் மிகப் பெரிய சாதனைகளுள் ஒன்று. அந்த இலவசம் வைத்தியசாலையின் படலைக்கு உள்ளேதான் தொடங்குகிறது என்பதைத் தோட்டத்து மக்கள் தம் கைக்காசால் அறிந்திருக்கிறார்கள்.

வலையமைப்பு என்ற சொல்லை இங்கே எந்தப் பொருளில் பயன்படுத்துகிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் அரச மருத்துவம் இரண்டு ஓடைகளாகப் பிரிந்து ஓடுகிறது. நோய் தீர்க்கும் ஓடையில், கண்டி தேசிய வைத்தியசாலை, பதுளை, நுவரெலியா, நாவலப்பிட்டி போன்ற பெரிய வைத்தியசாலைகளும், அவற்றுக்குக் கீழே டிக்கோயா, தியத்தலாவை போன்ற ஆதார வைத்தியசாலைகளும், அதற்கும் கீழே மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, கொட்டகலை போன்ற இடங்களிலுள்ள பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களும் உள்ளன. நோய் தடுக்கும் ஓடையில், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும், அவற்றின் கீழ் வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் உள்ளனர். நாட்டின் பிற பகுதிகளுக்கு இந்த இரண்டு ஓடைகளே போதும். மலையகத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தின் கீழ் இயங்கும் டிஸ்பென்சரியும், தோட்ட வைத்திய உதவியாளரும், தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவும் அடங்கிய அந்தப் பழைய அமைப்பு மற்ற இரண்டோடும் முழுமையாகக் கலக்காமலே தொடர்கிறது.

இந்த மூன்றாவது ஓடை ஏன் உருவானது என்பதற்கு வரலாற்றில்தான் விடை உண்டு. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த மக்கள் வழிநெடுகிலும், வந்து சேர்ந்த பின்னரும், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பெருந்தொகையாக மடிந்தார்கள். அந்த மரணங்கள் அரசாங்கத்தையும் துரைமாரையும் சங்கடப்படுத்திய பின்னரே, 1872இல் தோட்ட மாவட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. லயன்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயுற்ற தொழிலாளியைப் பற்றி மாவட்ட மருத்துவ அதிகாரிக்கு அறிவிப்பதும், தேவைப்படின் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் தோட்டத்தை நடத்துபவரின் கடமை எனச் சட்டம் விதித்தது. உழைப்பாளியின் உடல் தோட்டத்தின் மூலதனம் என்ற கணக்கிலேயே அது எழுதப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு முக்கியமான கூறு இருந்தது: நோயாளி தானாக வைத்தியசாலையைத் தேடி வரும்வரை காத்திராமல், இன்ன லயத்தில் இன்னார் படுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டிய ஒருவர் பெயரளவிலேனும் குறிக்கப்பட்டிருந்தார்.

அந்தப் பொறுப்பு பிற்காலத்தில் பலர் கைகளுக்குப் பிரிந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. சமூக நலப் பணிகளுக்கெனத் தனியே ஒரு நிதியம் உருவாக்கப்பட்டது. மக்கள் அதை டிரஸ்ட் என்றே அழைக்கிறார்கள். சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது, ஏனையவை வெறும் டிஸ்பென்சரிகளாகச் சுருங்கின, சில பூட்டப்பட்டன. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13ஆம் திருத்தத்தால் சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாண சபைகளுக்குப் போயிற்று. பெரிய வைத்தியசாலைகள் பல மத்திய அமைச்சிடமே இருந்தன. அதே 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டமோ தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்ய இடமளிக்கவில்லை; அந்தத் தடை 2018இல்தான் திருத்தப்பட்டது. ஆக, தோட்டத்து ரோட்டின் குழிக்கு ஒருவரும், குடிநீருக்கு ஒருவரும், டிஸ்பென்சரிக்கு ஒருவரும், வாட்டுக்கு ஒருவரும், வாட்டை விட்டு வந்த பிறகு யாரும் இல்லாமலும் ஒரு நோயாளியின் பயணம் துண்டுபட்டுக் கிடக்கிறது.

இந்தத் துண்டுகளைச் சேர்க்கும் எண்ணம் அரசின் கொள்கையிலேயே இருக்கிறது. 2018இல் வெளிவந்த, அனைவருக்குமான சுகாதாரப் பராமரிப்புக் கொள்கை, விசேட வைத்திய நிபுணர்கள் உள்ள ஒரு வைத்தியசாலையை நடுவாகக் கொண்டு, அதைச் சுற்றியுள்ள பிரதேச வைத்தியசாலைகளையும் ஆரம்ப நிலையங்களையும் ஒரே கொத்தணியாக இணைக்க வேண்டும் என்கிறது. கொத்தணியில் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் குறிப்பிட்ட மக்கள்தொகை ஒப்படைக்கப்பட வேண்டும். நோயாளியின் விவரம் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போய்வர வேண்டும். இந்தக் கொள்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ‘ஒப்படைக்கப்பட்ட மக்கள்தொகை’ என்ற கருத்துத்தான். ஒரு பிரதேச வைத்தியசாலை தன் கதவைத் தட்டுபவர்களுக்கு மட்டும் பொறுப்பு என்று இருந்த நிலை மாறி, தன் எல்லைக்குள் வாழும் எல்லோருக்கும் பொறுப்பு என்றாகிவிட்டால், வராதவரின் பெயரும் அதன் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். மலையகத்தில் இது நடப்பதற்குக் கொத்தணியின் படத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியும் பிள்ளைக் காம்பராவும் சேர்க்கப்பட வேண்டும். தோட்ட வைத்திய உதவியாளர் கம்பெனியின் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக அவரை வெளியே நிறுத்திவிட்டு வரையப்படும் கொத்தணி, நடுவில் மட்டும் நெய்யப்பட்டு ஓரங்களில் அவிழ்ந்து கிடக்கும் வலையைப் போன்றதாகிவிடும்.

கட்டடங்கள் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. இந்திய உதவியுடன் 150 படுக்கைகளோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறந்து வைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, அதுவரை கண்டிக்கோ நாவலப்பிட்டிக்கோ போக வேண்டியிருந்த ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் என்பதும், வளைவும் மூடுபனியும் நிறைந்த அந்த வழியில் அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும், பிரசவ வலியோடு போன பெண்களுக்குத் தெரியும். கட்டடம் கிடைத்த இடத்திலும், அதற்குள் போன நோயாளிக்கு என்ன நோய் என்று அவருடைய மொழியில் சொல்லப்படாவிட்டால், பாதி மருத்துவமே நடந்திருக்கிறது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. ஆனால் மலையகத்து வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளி தமிழில் பேச, தாதியர் சிங்களத்தில் விளக்க, எழுதப்படும் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் ஒரு சிற்றூழியர், பக்கத்துக் கட்டிலில் உள்ள இன்னொரு நோயாளி, அல்லது துணைக்கு வந்த பிள்ளை. என்னுடைய அம்மாயிக்கு இவ்வாறு மொழிபெயர்த்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அவருக்கு இரத்தப்போக்கு எவ்வளவு நாட்களாக இருக்கிறது என்று வைத்தியர் கேட்டதை அம்மாயியிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பேரனிடம் அதைச் சொல்ல அவருக்கும் வெட்கமாக இருந்தது. வயிற்று வலி என்று மட்டும் சொல்லி வயிற்று வலிக்கான மருந்தோடு வீடு திரும்பினோம். அந்த வைத்தியர் பொறுமையான மனிதர், தவறு அவருடையது என்று நான் எந்நாளும் எண்ணியதில்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் விடப்பட்டிருக்கக் கூடாத ஒரு வேலை என்னிடம் விடப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

மொழி உதவியாளர் என்ற பணியை ஒரு சலுகையாகக் கருதாமல், இரத்தப் பரிசோதனையைப் போல நோயறிதலின் ஓர் உறுப்பாகக் கருத வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். எல்லா வைத்தியசாலைகளிலும் எல்லா நேரமும் ஒருவரை வைத்திருக்க முடியாமற் போகலாம். கொத்தணி முறையில் அதற்கு வழி இருக்கிறது: நடு வைத்தியசாலையில் இருக்கும் பயிற்சி பெற்ற இருவர், சுற்றியுள்ள சிறிய வைத்தியசாலைகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கலாம். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தை நோயாளிக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பெற வேண்டும். மருந்துப் பையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைவது, எழுத்தறியாத முதியவர்களுக்கு எத்தனையோ விளக்கங்களை விட மேலானது.

இதை எழுதும்போது கருத்தடைச் சத்திரசிகிச்சையின் வரலாற்றைக் கடந்து போக முடியாது. 1980களில் அரசு அதற்குப் பணம் கொடுத்து ஊக்குவித்தது. தோட்டப் பெண்களிடையே அது பிற பகுதிகளைக் காட்டிலும் அதிகமாகச் செய்யப்பட்டது. விரும்பிச் செய்துகொண்டவர்கள் பலர். ஆனால் பிற வழிகளும் உண்டு என்பது முழுமையாக விளக்கப்படாமல் லொறியில் ஏறிப் போய் வந்த கதைகள், இன்றைய பாட்டிமாரின் வாயிலிருந்து பேத்திமாரின் காதுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு இளம் தாய் வைத்தியசாலையில் ஏதாவது ஒரு பத்திரத்தில் கையொப்பமிடத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நினைவு இருக்கிறது. அதை அறியாமை என்று பெயரிட்டுக் கடிந்துகொள்ளும் இடத்தில் நம்பிக்கை இன்னும் கொஞ்சம் தேய்கிறது.

கிளினிக் நாட்களை ஒழுங்கமைப்பதில் செய்யக்கூடியவை ஏராளம், செலவும் குறைவு. நீரிழிவு, இரத்த அழுத்தம், கண் ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் ஒரே கொப்பியோடு பார்த்தனுப்பலாம். நிலைமை சீராக உள்ளவர்களுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, இடையில் அழுத்தத்தையும் சீனியையும் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே அளந்து பதியச் செய்யலாம். 2020இல் கொவிட் முடக்கத்தின்போது மருந்துகள் வீடு தேடி அனுப்பப்பட்டதை மக்கள் மறந்துவிடவில்லை. நெருக்கடியில் முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியாது என்று அவர்கள் கேட்பது நியாயமே. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 35 வயதுப் பெண்களைப் பரிசோதிக்கும் கிளினிக்கும், நடுத்தர வயதை எட்டியோரின் தொற்றா நோய்களைக் கண்டறியும் நிலையமும் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. காலையில் வேலை பகிரும் பெரட்டுக்குப் போய், மலையில் கொழுந்து பறித்து, மாலை நிறுவைக்குப் பின்னர்தான் வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு, காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை திறந்திருக்கும் நிலையம் இல்லாததற்குச் சமம். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் அதிகமாகக் காணப்படும் சமூகத்தில், பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தையை எடுக்க வரும் நேரத்தில் ஒரு பல் வைத்தியர் டோர்ச் வெளிச்சத்தில் வாயைப் பார்ப்பதற்கு எடுக்கும் நேரம் ஓரிரு நிமிடங்களே.

அதிகம் பேசப்படாத இன்னொரு தடை முகவரி. லயன் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாத இடங்களில், கடிதங்கள் தோட்டத்து ஒபிசுக்கே வந்து சேருகின்றன. அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படுகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதங்கள் திகதி கடந்து கிடைத்த கதை எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. புற்றுநோய்ப் பரிசோதனையின் முடிவும், காசநோய்ச் சளிப் பரிசோதனையின் முடிவும் அதே வழியில்தான் வருகின்றன என்றால், நேரம் மட்டுமின்றி இரகசியமும் கெடுகிறது. ஒரு சுவருக்கு அப்பால் இருமினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும் லயத்தில், நோயைப் பற்றிய செய்தி தனக்கு மட்டும் வர வேண்டும் என்று ஒருவர் விரும்புவது ஆடம்பரமாகாது. வைத்தியசாலை தன் பதிவேட்டில் தோட்டம், பிரிவு, லயன் இலக்கம், நோயாளி தாமே தரும் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒழுங்காக எழுதிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். எந்தப் பிரிவிலிருந்து யாரும் வருவதில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

போக்குவரத்தில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருப்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2016இல் இந்திய நிதியுதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ், கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிய காலத்தைப் பெருமளவு பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. குளவிக் கொட்டுக்கு ஆளானவர்களுக்கு அரைமணி நேர வேறுபாடே உயிரைத் தீர்மானிக்கக்கூடும். ஆயினும் அம்புலன்ஸ் வரக்கூடிய ரோட்டுக்கும் லயத்துக்கும் இடையே பல பிரிவுகளில் இன்னும் ஒற்றையடிப் பாதையும் படிக்கட்டுமே உள்ளன. அந்தத் தூரத்துக்கு இரண்டு கொம்பும் ஒரு கம்பளியும்தான் தூக்குக் கட்டில். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நல்ல ஸ்ட்ரெச்சரையும், அதைத் தூக்கவும் முதலுதவி செய்யவும் பயிற்சி பெற்ற ஐந்தாறு இளைஞர்களையும் கொத்தணி வைத்தியசாலை ஏற்பாடு செய்வதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை.

போகும் வழிக்காவது அம்புலன்ஸ் இருக்கிறது. திரும்பும் வழிக்கு எதுவும் இல்லை. மாலை நான்கு மணிக்கு டிக்கட் வெட்டப்பட்ட, அதாவது வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு தாய், பிறந்து மூன்று நாளான குழந்தையோடும் தையல் வலியோடும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிற்பதை ஹட்டன் பஸ் நிலையத்தில் எவரும் காணலாம். வைத்தியசாலையின் கணக்கில் அவர் வெற்றிகரமாகச் சிகிச்சை முடித்து வெளியேறியவர். தூரத் தோட்டங்களுக்குப் போக வேண்டியவர்களுக்கு முற்பகலிலேயே டிக்கட் வெட்டுவதும், அவர் வருகிறார் என்பதை அன்றே அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தோட்ட வைத்திய உதவியாளருக்கும் தொலைபேசியில் சொல்வதும், வாட்டில் பணிபுரியும் ஒருவரின் சில நிமிட வேலை. அந்த அழைப்பு எடுக்கப்பட்டதா என்பதை டிக்கட்டிலேயே குறித்தால் மேற்பார்வை செய்யவும் முடியும்.

குழந்தைகளின் நிலையைப் பார்த்தால் இந்தத் தொடர்பு ஏன் இன்றியமையாதது என்பது எண்களிலேயே தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் தோட்டத்துறையின் எண் சுமார் 40 ஆக இருந்ததால் முன்னேற்றம் உண்டு என்பதை ஏற்க வேண்டும், அதன் வேகத்தை மெச்ச முடியாது. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வைத்தியசாலையில்தான் பிறக்கிறார்கள், நியூமோனியாவும் வயிற்றோட்டமும் வந்து திரும்பத் திரும்ப அங்கேயே சேர்க்கப்படுகிறார்கள். சிறுவர் வாட்டில் ஆறு நாள் நல்ல உணவும் கதகதப்பும் பெற்றுத் தேறிய பிள்ளை, புகை நிறைந்த, ஈரம் ஊறும் அதே காம்பராவுக்குத் திரும்புகிறது. தாய் மலைக்குப் போகிறாள். நாளின் பெரும்பகுதி பிள்ளைக் காம்பராவில் கழிகிறது. ஆகவே அந்தப் பிள்ளையின் எடையையும் உணவையும் பற்றி வைத்தியசாலை பேச வேண்டிய முதல் ஆள் பிள்ளைக் காம்பரா ஆயம்மாதான். அரசின் சத்துமாவான திரிபோஷா கிடைக்கிறதா, கிடைத்தால் அது வீட்டில் எத்தனை பேருக்குப் பங்கிடப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும்; வைத்திய நிபுணருக்குத் தெரியாது.

பெண்கள் மீதான வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ, அரச வைத்தியசாலைகள் சிலவற்றில் ‘மிதுரு பியச’ என்றும் தமிழில் ‘நட்பு நிலையம்’ என்றும் வழங்கும் பிரிவுகள் இயங்குகின்றன. இவை வைத்தியசாலைக்குள் இருப்பதே ஒரு பாதுகாப்பு, ஏனெனில் கிளினிக்குக்குப் போகிறேன் என்று சொல்லி ஒரு பெண் அங்கே போக முடியும். பொலிஸ் நிலையத்துக்கோ தோட்டத் தலைவரிடமோ போனால் அன்று மாலைக்குள் லயம் முழுவதும் அறிந்துவிடும். மதுவும் கடனும் பூச்சிகொல்லிப் போத்தலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளில், நஞ்சருந்திப் பிழைத்தவர் வாட்டிலிருந்து மனநல ஆலோசனை இல்லாமல் வெளியேறுவது மிக ஆபத்தானது. ஆபத்தான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்ததன் மூலம் தற்கொலைகளைப் பெருமளவு குறைத்த நாடு இது. அந்தச் சாதனையின் அடுத்த படி, பிழைத்து வந்தவரோடு தமிழில் பேசத் தெரிந்த ஒருவர் தொடர்பில் இருப்பதே.

முதியோரின் தொகை தோட்டங்களில் கூடிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட, ஊழியர் சேமலாப நிதியை வாங்கிச் செலவழித்து முடித்தவர்கள் மாத ஓய்வூதியம் எதுவுமின்றிப் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழை, அடையாள அட்டையில் வேறு பெயர் என்பதால் 2023இல் தொடங்கிய அஸ்வெசும போன்ற உதவிகளுக்கு விண்ணப்பிக்கவே திணறுபவர்களும் உண்டு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003இல்தான் எஞ்சியோருக்கும் அது கிடைத்த சமூகத்தில், பத்திரங்களின் குறை தனிமனிதரின் கவனக்குறைவால் வந்ததன்று. வைத்தியசாலையில் ஒரு சமூக சேவை உத்தியோகத்தர் இருந்தால், வாட்டில் படுத்திருக்கும் நாட்களிலேயே பிரதேச செயலகத்தோடு பேசி இவற்றைத் தொடங்கி வைக்க முடியும்.

மண்சரிவைப் பற்றியும் ஒரு சொல். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டின் பாதைகளைத் துண்டித்தபோதும், தப்பியவர்களில் இன்சுலின் போடுபவரும், நாள் நெருங்கிய கர்ப்பிணியும், காசநோய் மருந்து எடுப்பவரும் இருந்தார்கள். முகாமில் அவர்களின் பெயரைத் தேடித் திரட்டுவதற்குப் பதிலாக, பிரிவு வாரியான பட்டியல் மழைக்காலத்துக்கு முன்பே பிரதேச வைத்தியசாலையில் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஆட்கள் எங்கே என்ற கேள்வி எழும். மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு. அதனால் தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிக்குத் தகுதி பெறும் பிள்ளைகளும் குறைவு. இங்கே வைத்தியசாலை தானும் ஒரு பெரிய தொழில்தருநர் என்பதை மறந்துவிடுகிறோம். சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்து வந்து ஆய்வுகூடத்தையும் மருந்தகத்தையும் காட்டுவதும், சிற்றூழியர் பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வழிமுறையைத் தமிழில் அறிவிப்பதும், பயிற்சிக்குத் தெரிவாகும் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதும் நீண்டகால முதலீடு. சம்பளத்தையும் காணியையும் வீட்டையும் வைத்தியசாலையால் கொடுக்க முடியாது. வேறு எந்த அலுவலகத்தையும் விட அதிகமாக மக்கள் வந்துபோகும் இடம் என்ற முறையில், அவற்றின் இன்மை உடலில் எவ்வாறு தெரிகிறது என்பதைப் பதிவுசெய்து மாகாண சபைக்கும் கம்பெனிக்கும் முன்னால் வைக்க அதனால் முடியும்.

உடனே தொடங்கக்கூடியது மாதாந்தக் கூட்டம் ஒன்றுதான். பிரதேச வைத்தியசாலையின் பொறுப்பு வைத்தியர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர், சுற்றியுள்ள தோட்டங்களின் வைத்திய உதவியாளர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பிள்ளைக் காம்பரா ஆயம்மாமார் ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, அந்த மாதம் கிளினிக்குக்கு வராதவர்களின் பெயர்களை எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் லயம் என்று ஒவ்வொன்றாக வாசித்து, யார் போய்ப் பார்ப்பது என்று பெயரின் பக்கத்திலேயே எழுதிவிட்டு எழுந்திருக்க வேண்டும்.